முதலில் யாருடைய துப்பாக்கி?



இந்த இதழின் தலையங்கத்தை வேறொன்றைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத விடாமல் ஒரு கேள்வி குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. தாண்டிப்போக முடியவில்லை. அதனால் அதையே எழுதுகிறேன்.

மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலம் நடந்த நாள். மூட்டை தூக்கிவிட்டு வந்த தோழர்கள் நாலு பேர், ராத்திரி ஷிப்டுக்குத் தறிப்பட்டறைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் கிடைத்த தம்பிகள் மூணு பேர், அப்புறம் நான். வளவுக்குள் இருக்கிற எங்கள் படிப்பகத்தில் பேசிக்கொண்டிருந்தோம். அமெரிக்காவில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சுட்டுக் கொன்ற சேதி ஒரு தம்பியின் செல்போனில் ஓடிக்கொண்டிருந்தது. "கைத்துப்பாக்கிய மொத்தமாத் தடை பண்ணிட்டா இந்தச் சாவு நின்னுருமாங்கண்ணா?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருத்தன் முந்திக்கொண்டான். "அங்க தடை பண்றாங்களோ இல்லியோ, நம்ம வளவுக்குள்ள ஒண்ணு இருந்திருந்தா எவனாச்சும் வந்து கை வெச்சிருப்பானா? எஸ்.சி.க்கு லைசென்சு குடுக்கலாம்னு சட்டத்துலயே எழுதியிருக்குதுங்கண்ணா. நாம ஏன் கேக்கறதில்ல?"

அவன் சொன்னது பொய்யில்லை. சட்டத்தில் எழுதியிருக்கிறது. அன்று ராத்திரி அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். எனக்கு ஷிப்டு இல்லை. தூக்கமும் இல்லை.

துப்பாக்கி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்கா அல்ல. என் அப்பன் பண்ணையத்தில் இருந்த தோட்டத்து வீட்டுச் சுவர்தான். அதில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளாமைக் காவலுக்கு என்று வாங்கிய லைசென்சு. பண்ணையக்காரர் முயலுக்கும் கவுதாரிக்கும் போகும்போது தோட்டாப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது என் அப்பனுடைய வேலை. செத்து விழுந்ததை ஓடிப்போய் எடுத்து வருவதும் அப்பன்தான். பை அப்பன் தோளில். துப்பாக்கியை மட்டும் ஒருநாளும் தொட்டதில்லை. தொட்டால் தீட்டு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியும்.

கூலி கூடக் கேட்டு எங்கள் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அந்தத் தோட்டத்து வாசலில் போய் நின்ற ஒருநாள், நானும் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பண்ணையக்காரர் கோபப்படவில்லை. ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. உள்ளே போய் துப்பாக்கியை எடுத்து வந்து கயிற்றுக்கட்டிலில் வைத்து, எண்ணெய்த் துணியால் நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தார். "சொல்லுங்கப்பா, என்ன சேதி?" என்றார். யாரும் சேதி சொல்லவில்லை. "ஒண்ணுமில்லீங் சாமி, சும்மா வந்தோமுங்க" என்று திரும்பிவிட்டோம். அந்த வருசம் கூலி கூடவில்லை.

ஒரு தோட்டா வெடிக்கவில்லை. ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. எந்தப் போலீசு நிலையத்துக் கணக்கிலும் இது 'துப்பாக்கி வன்முறை' என்று ஏறாது. ஆனால் அதுதான் நான் பார்த்த முதல் துப்பாக்கி வன்முறை. துப்பாக்கியைத் தடை செய்தால் வன்முறை குறையுமா என்று கணக்குப் போடுகிறவர்கள் பிணங்களை எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியதுதான். ஆனால் அந்த வாசலில் நாங்கள் விழுங்கிவிட்டு வந்த சொல்லை எந்தக் கணக்கில் எழுதுவது?

இந்த மண்ணில் ஆயுதம் என்பது எப்போதுமே சாதி பார்த்துத்தான் வந்திருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் இதற்கு விடை தேடுகிறார். இத்தனை கொடுமைக்கும் இங்கே ஏன் ஒரு புரட்சி எழவில்லை? நால்வருணம் அடித்தட்டு மக்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்து வைத்திருந்தது, கல்வியையும் பறித்து வைத்திருந்தது, அதனால் எழ முடியவில்லை என்கிறார். அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் பட்டாளத்தில் சுபேதார். கும்பினிக்காரனுடைய பட்டாளத்தில் சேர்ந்து துப்பாக்கி பிடித்த மகர்களை, பிறகு 'போர்க்குணம் இல்லாத சாதி' என்று சொல்லி 1890களில் அதே வெள்ளைக்காரன் வெளியே தள்ளினான். மகர் ரெஜிமென்ட் திரும்ப வந்தது 1941இல்தான்.

1857 கலகத்துக்குப் பிறகு, 1878இல் வெள்ளையன் ஆயுதச் சட்டம் போட்டான். இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்சு வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். காங்கிரசுக்காரர்கள் இதை நிறவெறி என்று கண்டித்தார்கள். சரிதான், நிறவெறிதான். ஆனால் லைசென்சு வாங்கிய இந்தியன் யார்? ஜமீன்தார், மிராசுதார், மிட்டாதார். வெள்ளையனிடம் கேட்ட நியாயத்தை அவர்கள் சேரிக்குக் கொடுத்தார்களா? சுதந்திரம் வந்து 1959இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. எல்லோருக்கும் பொது என்றது. ஆனாலும் குடகில் குடவர்களுக்கும், அங்கே 'ஜம்மா' நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்சு வேண்டாம் என்று வெள்ளையன் காலத்தில் தொடங்கிய விலக்கு இன்றும் இருக்கிறது. பிறப்பையும் நிலத்தையும் பார்த்துத் துப்பாக்கி வைக்கவிடுகிற விதி இந்த நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆயுதம் எது என்பதிலும் அதே கதைதான். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமான கத்தி ஆயுதம். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் உள்ளது ஆயுதம் அல்ல என்கிறது சட்டம். எங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு அர்த்தம் என்ன? அவன் வண்டியில் கிடக்கிற அரிவாள் விவசாயக் கருவி. செருப்புத் தைக்கிற தோழர் பையில் கிடக்கிற தோல் அறுக்கும் உளி, கலவர நாளில் 'பயங்கர ஆயுதம்'. திருவிழாவில் அவன் தூக்கினால் வாள்கூடப் பாரம்பரியம். நாம் தூக்கினால் தடியும் கலகம்.

சரி, தம்பி கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். கைத்துப்பாக்கியைத் தடை செய்தால் சாவு குறையுமா?

செய்து பார்த்த நாடுகள் இருக்கின்றன. 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற ஊரில் ஒருவன் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து 16 குழந்தைகளையும் ஒரு ஆசிரியையும் கைத்துப்பாக்கிகளால் சுட்டுக் கொன்றான். கள்ளத் துப்பாக்கி அல்ல, எல்லாம் லைசென்சு உள்ளவை. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1997இல் பிரிட்டனில் கைத்துப்பாக்கியைத் தனியார் வைத்திருப்பதே தடை செய்யப்பட்டது. ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் கைத்துப்பாக்கிகளை அரசிடம் ஒப்படைத்தார்கள். உடனே குற்றம் குறைந்ததா? இல்லை. கள்ளத் துப்பாக்கிக் கூட்டம் எதையும் ஒப்படைக்கவில்லை. முதல் சில வருசங்களில் கைத்துப்பாக்கிக் குற்றம் கூடவே செய்தது, பிறகுதான் இறங்கியது. 2010இலும் 2021இலும் அங்கே வேறு வகைத் துப்பாக்கியால் கூட்டக் கொலைகள் நடந்தன. ஆனால் டன்பிளேன் மாதிரி இன்னொரு பள்ளிக்கூடம் அங்கே இல்லை.

அதே 1996 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் போர்ட் ஆர்தர் என்ற இடத்தில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அந்த அரசு வேகமாகச் சுடுகிற நீளத் துப்பாக்கிகளைத் தடை செய்து, காசு கொடுத்து ஆறரை லட்சம் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கி உருக்கியது. அங்கே துப்பாக்கிச் சாவு இறங்கியது. முக்கியமாக, துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது இறங்கியது. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறேன்.

அமெரிக்காவில் வாஷிங்டன் நகரம் 1976இலும் சிகாகோ 1982இலும் கைத்துப்பாக்கியைத் தடுத்தன. நகரத்துக்கு வெளியே கடையில் விற்கிறான், காரில் ஏற்றிக்கொண்டு வந்தால் உள்ளே ஆயிற்று. ஒரு தெருவில் சாராயத்தைத் தடுத்து அடுத்த தெருவில் கடை திறந்த கதைதான். கடைசியில் 2008இலும் 2010இலும் உச்சநீதிமன்றம் இரண்டு தடைகளையும் உடைத்தது. சிகாகோவில் வழக்குப் போட்டவர்களில் முதல்வர் யார் தெரியுமா? ஓட்டிஸ் மெக்டொனால்டு, வயதான ஒரு கறுப்பர். திருடர்கள் தன் வீட்டை உடைக்கிறார்கள், போலீசு வருவதில்லை, எனக்குத் துப்பாக்கி வேண்டும் என்றார். எங்கள் வளவுத் தம்பி பேசியதைத்தான் அவரும் பேசினார்.

கறுப்பர்களின் சரித்திரத்தைப் படித்தால் இந்த விசயத்தின் இன்னொரு பக்கமும் தெரியும். 1865இல் அடிமைமுறை ஒழிந்ததும் தென் மாநிலங்கள் போட்ட முதல் சட்டங்களிலேயே, விடுதலையான கறுப்பன் துப்பாக்கி வைக்கக்கூடாது என்று எழுதினார்கள். ஆயுதத்தைப் பிடுங்கிய பிறகு முகமூடி போட்டுக்கொண்டு வந்து மரத்தில் தொங்கவிட்டார்கள். 1964இல் லூசியானாவில் கறுப்புத் தொழிலாளிகள் தங்கள் தெருவையும் உரிமைப் போராளிகளையும் காக்க ஆயுதம் தாங்கிய சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1967இல் கருஞ்சிறுத்தைகள் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கலிபோர்னியா சட்டசபைக்குப் போனார்கள். அதுவரை துப்பாக்கி உரிமை, துப்பாக்கி உரிமை என்று பேசிய வெள்ளையர்கள் அவசர அவசரமாகத் தடைச் சட்டம் போட்டார்கள். கையெழுத்துப் போட்டவர் அன்றைக்கு அங்கே கவர்னராக இருந்த ரீகன். அந்தக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் நம் தலித் சிறுத்தைகள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே தடை வேலை செய்யுமா என்று யாராவது கேட்டால், திருப்பி இரண்டு கேள்வி கேளுங்கள். எல்லோரிடமிருந்தும் எடுக்கிற தடையா, ஒருத்தனிடமிருந்து மட்டும் எடுக்கிற தடையா? எடுத்த பிறகு காவலுக்கு வருகிறவன் யார்? நாடு முழுக்க, எல்லோரிடமும், திரும்ப வாங்கி உருக்கிய இடத்தில் சாவு குறைந்தது. ஓட்டை வைத்துத் தடுத்த இடத்தில் குறையவில்லை. அடிமையிடம் மட்டும் பிடுங்கிய இடத்தில் சாவு கூடியது.

நம் ஊருக்கு வருவோம். 2016 முடிவில் இந்தியா முழுக்க 33 லட்சத்துக்கு மேல் துப்பாக்கி லைசென்சுகள். அதில் உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் இருபதாயிரத்தைச் சற்றுத் தாண்டித்தான். இங்கே சாதிக் கொலைக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்த தோழர்களையும் பேருந்தை மறித்து வெட்டியது அரிவாள். 2015 ஜூன் 23 அன்று எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், திருச்செங்கோடு மலைக்கோயிலுக்கு வந்த கோகுல்ராஜை இழுத்துக்கொண்டு போனவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் உடலைப் போட்டிருந்தார்கள். 2022இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, 2023இல் உயர்நீதிமன்றமும் அவர்கள் குற்றவாளிகள் என்ற தீர்ப்பை உறுதி செய்தது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவினை வெட்டியதும் அரிவாள்தான். தண்டவாளத்தைத் தடை செய்வதா? அரிவாளைத் தடை செய்தால் கரும்பை எதால் வெட்டுவது?

இதைச் சொல்லி, 'பார்த்தீர்களா, துப்பாக்கித் தடை வீண்' என்று முடித்துவிடலாம். பல பேர் முடித்தும் விடுகிறார்கள். நான் முடிக்க மாட்டேன். வெண்மணியை நினையுங்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி. நிலச்சுவான்தார்களின் கும்பல் துப்பாக்கியோடுதான் வந்தது. வெளியே நின்றால் குண்டு என்றுதான் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் அந்த ஒற்றைக் குடிசைக்குள் ஓடி அடைந்தார்கள். 44 உயிர். கொன்றது தீ. தீக்குள் விரட்டியது துப்பாக்கி. 1997 டிசம்பர் 1 அன்று பீகாரில் லட்சுமண்பூர் பாதேயில் ரண்வீர் சேனை ஆற்றைத் தாண்டி வந்து ராத்திரியோடு ராத்திரியாக 58 பேரைச் சுட்டுக் கொன்றது. அரிவாளோடு வந்திருந்தால் அத்தனை வேகமாக அத்தனை பேரைக் கொன்றிருக்க முடியுமா? ஓடியவர்கள் ஓடியிருப்பார்கள். எதிர்த்தவர்கள் எதிர்த்திருப்பார்கள். சாதி எந்த ஆயுதத்தாலும் கொல்லும். ஆனால் துப்பாக்கி கிடைத்தால் மொத்தமாகக் கொல்லும். இந்த வித்தியாசம் நமக்கு முக்கியம், ஏனென்றால் எண்ணப்படுவது நம்முடைய பிணங்கள். பாதே வழக்கில் கீழ்க்கோர்ட்டு தண்டித்த 26 பேரையும் 2013 அக்டோபரில் பாட்னா உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். வெண்மணியிலும் உயர்நீதிமன்றம் அதைத்தான் செய்தது.

இன்னொரு துப்பாக்கி இருக்கிறது. எந்தத் தடையும் தொடாத துப்பாக்கி. 2011 செப்டம்பர் 11, இமானுவேல் சேகரன் நினைவு நாள். பரமக்குடியில் அஞ்சலிக்கு வந்த நம் மக்கள் மீது போலீசு சுட்டதில் செத்தார்கள். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஆலையை மூடச் சொல்லிப் போன மக்கள் மீது சுட்டார்கள், 13 பேர் செத்தார்கள். தனியார் துப்பாக்கியை முழுக்க ஒழித்துவிட்டால் மிச்சமிருப்பது இந்தத் துப்பாக்கி மட்டும்தான். அதை யார் பக்கம் திருப்புவார்கள் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் 'எல்லாத் துப்பாக்கியையும் அரசிடம் ஒப்படையுங்கள்' என்று நகரத்து நல்லவர்கள் சொல்லும்போது சேரிக்காரனுக்கு உடனே கைதட்ட வருவதில்லை.

அப்படியானால் நமக்கும் லைசென்சு கேட்போமா? தம்பியின் இரண்டாவது கேள்வி இது. இனி சட்டத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசுவோம்.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் விதிகள் வந்தன. மூன்றாவது விதி முன்தடுப்பு பற்றியது. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும் என்று தொடங்குகிறது. அதில் (iii) என்ன சொல்கிறது? தேவை என்று கருதினால், அந்தப் பகுதியில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி லைசென்சுகளை ரத்து செய்து, துப்பாக்கிகளை அரசு ஆயுதக் கிடங்கில் வைக்க வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாள், குடும்ப நண்பர் வரைக்கும் இது பொருந்தும். (iv): கள்ளத் துப்பாக்கிகளையெல்லாம் பறிமுதல் செய்ய வேண்டும், அவற்றைச் செய்வதைத் தடுக்க வேண்டும். (v): உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாக, தேவை என்று கருதினால், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்குத் துப்பாக்கி லைசென்சு வழங்க வேண்டும்.

படித்ததும் ரத்தம் சூடாகிறது, இல்லையா? எனக்கும் ஆனது. அவனிடம் எடு, எங்களுக்குக் கொடு என்று இந்திய அரசே எழுதியிருக்கிறது! ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் எடு. பிறகு கள்ளத் துப்பாக்கியை ஒழி. கடைசியில்தான் கொடு. நம் தம்பி கடைசி வரியிலிருந்து படிக்கத் தொடங்கிவிட்டான்.

கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களின் பாதுகாப்புக்கு என்று 'நிர்பீக்' என்ற கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்தது. டெல்லியில் கொல்லப்பட்ட பெண்ணின் நினைவாகப் பெயராம். விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய் சொச்சம். நூல் சுற்றுகிற, கடலைக்காய் பறிக்கிற, குச்சிக்கிழங்கு தோல் சீவுகிற எந்தப் பெண் அதை வாங்குவாள்? வாங்க முடிந்தவளை எவனும் காட்டுக்குள் மறிப்பதில்லை. லைசென்சு கொடுப்பவர் கலெக்டர், அதற்கு அறிக்கை கொடுப்பது போலீசு. நாம் ஒரு புகார் கொடுத்தால் நம் மேல் ஒரு எதிர்வழக்கு விழுவதுதான் வழக்கம். 'மேற்படியார் மீது வழக்கு நிலுவையில் உள்ளது' என்று ஒரு வரி போதும், மனு குப்பைக்கு. எதிர்ப்பக்கத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நமக்கு ஒன்று வந்தால் 'சேரிக்காரன் துப்பாக்கி வெச்சிருக்கான்' என்று காட்டி அவனுக்குப் பத்து வரும். பந்தயத்தில் ஆள் பலமும் பண பலமும் யாரிடம் இருக்கிறதோ அவன்தான் ஜெயிப்பான்.

அரசு ஆதிவாசிக்குத் துப்பாக்கி கொடுத்த கதையும் இருக்கிறது. சத்தீஸ்கரில் ஆதிவாசி இளைஞர்களைச் 'சிறப்புப் போலீசு அதிகாரி' ஆக்கிக் கையில் துப்பாக்கி கொடுத்தார்கள். யாரைச் சுட? ஆதிவாசியை. 2011 ஜூலையில் உச்சநீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லி ஆயுதங்களைத் திரும்ப வாங்கச் சொன்னது. மேலிருந்து வருகிற துப்பாக்கி, யாரைச் சுட வேண்டும் என்ற உத்தரவோடுதான் வரும்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, எங்கள் அம்மாயி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மறுநாள் காலை வாசலில் உட்கார்ந்து நான் அந்தத் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், அவனைப் பார்த்துக் கேட்டார்: "ஏங்கண்ணு, துப்பாக்கிய வாங்கிட்டு வந்து எங்க வெப்ப? நம்மூட்டுல பூட்டு போடறதுக்கு ஒரு பொட்டி இருக்குதா? நீ குடிச்சுப்போட்டு வர்ற அன்னைக்கு அது யாரப் பாத்துச் சுடும்? ஊருக்குள்ள இருக்கறவனயா, அடுப்படியில இருக்கறவளயா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நானும்தான். ஆண்கள் கூடிப் பேசுகிற விடுதலையில் இந்தக் கேள்வி வருவதே இல்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டு சாகிறவர்கள் என்பதை அம்மாயி படித்ததில்லை. கந்துவட்டிக்காரன் வாசலில் நின்றுவிட்டுப் போன ராத்திரி, தேர்வில் தோற்ற ராத்திரி, கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது உயிர். பூச்சிமருந்து குடித்தவரைத் தூக்கிக்கொண்டு சேலம் பெரியாஸ்பத்திரிக்கு ஓடி, பிழைக்க வைத்துக் கொண்டுவந்திருக்கிறோம். துப்பாக்கி அந்த நேரத்தைக் கொடுக்காது.

ஆகவே என் நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்கிறேன். உடன்படாதவர்கள் எழுதுங்கள், வெளியிடுகிறேன்.

தற்காப்பு நம் உரிமை. அதை யாரும் பிச்சை போட வேண்டாம். அடிக்க வருகிறவனைத் திருப்பித் தடுக்கும் உரிமை பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 34 முதல் 44 வரை இருக்கிறது. உயிருக்கு அச்சுறுத்தல் உள்ள ஒரு ஊராட்சித் தலைவரோ, சாட்சியோ, வழக்கு நடத்துகிறவரோ (v)இன்படி லைசென்சு கேட்டால் அவர் பக்கம் நிற்பேன். மறுத்தால் ஏன் மறுத்தாய் என்று எழுதிக் கேட்பேன். ஆனால் வளவுக்கு ஒரு துப்பாக்கி என்பது என் முழக்கம் அல்ல. என் முழக்கம் (iii). முதலில் அவனுடையதை எடு.

முடியாது என்று சொல்ல அரசுக்கு வாய் இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் என்ன செய்கிறார்கள்? தேதி அறிவித்ததும் லைசென்சு துப்பாக்கிகளைப் போலீசு நிலையத்தில் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்கிறார்கள். ஏன்? சுவரில் தொங்குகிற துப்பாக்கி சுடாமலே ஓட்டை மாற்றிப் போட வைக்கும் என்று அரசுக்கே தெரியும். ஓட்டுக்காக வாங்கி வைக்கத் தெரிந்த அரசுக்கு, சேரிக்காரன் உயிருக்காக வாங்கி வைக்கத் தெரியாதா? தேர்தல் முடிந்ததும் துப்பாக்கி திரும்பவும் அதே சுவருக்குப் போய்விடுகிறது. கூலி கேட்கிற நாள், கோயில் கேட்கிற நாள், காதலித்த பிள்ளைகள் ஊரை விட்டுப் போகிற நாள், இதெல்லாம் தேர்தலுக்குப் பிறகுதான் வருகின்றன.

(iv) பற்றியும் ஒரு வார்த்தை. கள்ளத் துப்பாக்கி என்றதும் போலீசு கொல்லிமலைக்கும் கருமந்துறைக்கும் ஏறி, பன்றியை விரட்டக் கரிமருந்துத் துப்பாக்கி வைத்திருக்கிற மலைவாழ் மக்களைப் பிடித்துக்கொண்டு வந்து போட்டோ பிடிக்கிறது. மலையில் ஏறுகிற போலீசு தரையில் இருக்கிற பெரிய தோட்டத்துக் கேட்டைத் தட்டியதுண்டா? எடுப்பதென்றால் எல்லோரிடமும் எடுக்க வேண்டும். எளியவனிடம் மட்டும் எடுப்பது தடை அல்ல, 1865.

இதற்கு நாம் செய்யக்கூடிய வேலை சின்னது, ஆனால் கையில் இருக்கிறது. அதே விதிகளில் 17ஆவது விதிப்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். தகவல் உரிமைச் சட்டப்படி நாம் கேள்வி அனுப்பலாம். படிப்பகத்துத் தம்பிகள் இந்தக் கேள்விகளை எழுதிவிட்டார்கள். எழுதியவன் லைசென்சு கேட்ட அதே தம்பிதான்:

1. நாமக்கல் மாவட்டத்தில் வன்கொடுமை நடக்கக்கூடியவை என்று அடையாளம் காணப்பட்ட ஊர்கள் எவை?

2. அந்த ஊர்களில் நடப்பில் உள்ள துப்பாக்கி லைசென்சுகள் எத்தனை?

3. விதி 3(1)(iii)இன்படி 1995 முதல் இன்றுவரை ரத்து செய்யப்பட்டவை எத்தனை?

4. விதி 3(1)(v)இன்படி பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் கொடுத்த மனுக்கள் எத்தனை? வழங்கியவை, மறுத்தவை எத்தனை? மறுத்ததற்குக் காரணம் என்ன?

5. மாவட்டக் கண்காணிப்புக் குழுக் கூட்டம் எதிலாவது இது பேசப்பட்டதா?

உங்கள் மாவட்டத்தின் பெயரைப் போட்டு நீங்களும் அனுப்புங்கள். வருகிற பதிலை, பதில் வராவிட்டால் வராததை, எங்களுக்கு எழுதுங்கள். ஒவ்வொரு இதழிலும் போடுவோம்.

கைத்துப்பாக்கியைத் தடை செய்தால் வன்முறை குறையுமா என்று கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான்: குறையும், எல்லோரிடமும் எடுத்தால். போதாது, சாதி இருக்கும்வரை. அநியாயம், நம்மிடம் மட்டும் எடுத்தால். இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளத் தெரிந்தால்தான் நாம் அரசியல் பேசுகிறோம் என்று அர்த்தம்.

என் அப்பன் செத்து வருசங்கள் ஆகின்றன. தோட்டாப் பை தூக்கிய தோள் கடைசிவரை ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது. அந்தத் தோளில் துப்பாக்கியை ஏற்றிவிட்டால் நிமிர்ந்திருக்குமா என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். நிமிர்ந்திருக்காது. அந்தக் கட்டிலில் துப்பாக்கி இல்லாமல் இருந்திருந்தால், அன்று அந்த வாசலில் அப்பன் வாயைத் திறந்து கூலி கேட்டிருப்பார்.

முதல் வேலை, கட்டிலிலிருந்து அதை எடுக்கச் சொல்வது.